தங்கவயல்: பாறையின் கதையும் நம்மவர் கதையும்

பெங்களூரில் குடியேறிய நம்மவர்களில் லால்பாக் பாறையின்மேல் ஏறி நின்று காற்று வாங்காதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் அழைத்துப் போகிற இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அதை அறிவித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே பலகையும் வைத்திருக்கிறது. சுண்டல் தின்றுகொண்டே அதைப் படித்துவிட்டு வருகிறோம்.

அதே பழைய பாறைக் குடும்பம்தான் கிழக்கே கோலார் வரை தரையடியில் பரந்து கிடக்கிறது. ஆனால் கோலாருக்கு அப்பால் ஓரிடத்தில் வேறொரு பாறை குறுக்கிடுகிறது. வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் உள்ள, கருமையும் பச்சையும் கலந்த ஒரு பட்டை அது. கிரானைட் கடலின் நடுவே ஓடம் மிதப்பது போலக் கிடக்கும் இந்தப் பட்டையின் மேல்தான் கோலார் தங்கவயல் இருக்கிறது. தெற்கே அதன் வால் ஆந்திரத்தின் குப்பம் பக்கம் வரை இறங்குகிறது.

கே.ஜி.எஃப். என்ற மூன்று எழுத்தை இப்போது நாடே அறியும். 2018-ல் வந்த கன்னடப் படம் அதற்குக் காரணம். 2024-ல் தமிழில் ‘தங்கலான்’ வந்தது. படங்களைப் பார்த்துவிட்டு, “உங்க அம்மா வீடு அங்கேதானே, நிஜமாகவே அப்படித்தான் இருக்குமா?” என்று என்னைக் கேட்டவர்கள் ஏராளம். எல்லோருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. ஆகவே நம் சங்கத்து இதழிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் தாயாரின் தகப்பனார் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தங்கவயலுக்கு வந்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கீழ் வேலை. என் தாய்மாமாவும் அதே சுரங்கத்தில் இறங்கியவர்தான். நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரில் என்றாலும், பள்ளி விடுமுறை என்றால் மாரிக்குப்பம் ரயில்தான்.

பொன் எப்படி வந்து சேர்ந்தது?

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் எரிமலைகள் நீரடியில் குழம்பைக் கக்கின. குழம்பு இறுகிக் கரும்பாறையாயிற்று. எரிமலை வீசியெறிந்த துண்டுகள் சேர்ந்து இறுகிய பாறையைத் தங்கவயலுக்கு அருகே பெத்தபள்ளியில் இன்றும் காணலாம். அதுவும் நினைவுச் சின்னம்தான், ஆனால் லால்பாக் போல அங்கே சுண்டல் விற்பவர் யாரும் இல்லை.

பிறகு இரு பக்கமும் இருந்த பாறைத் திரள்கள் நெருக்க, இந்தப் பட்டை மடிந்தும் நசுங்கியும் விரிசல் விட்டது. பூமியின் ஆழத்திலிருந்து கொதிநீர் அந்த விரிசல்கள் வழியே மேலேறியது. வெறும் நீரல்ல, சிலிக்காவும் கந்தகமும் மிகச் சிறிதளவு பொன்னும் கரைந்த நீர். அழுத்தமும் வெப்பமும் குறைந்த இடங்களில் சிலிக்கா வெண்கல்லாகப் படிந்தது. அதோடு பொன்னும் படிந்தது. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இங்கே அது படிந்து முடிய எடுத்துக்கொண்ட காலம்தான் நம் கணக்குக்குள் வராதது.

இப்படிப் படிந்தவற்றைச் சுரங்கக்காரர்கள் ‘லோடு’ அல்லது ‘ரீஃப்’ என்பார்கள். தங்கவயலில் பல லோடுகள் உண்டு. அவற்றில் பட்டத்து ராணி சாம்பியன் லோடு. கருநீலச் சாயல் உள்ள வெண்கல், சராசரியாக ஒரு மீட்டர் தடிமன். மேற்கு நோக்கிச் சரிந்து இறங்கி, ஆழம் போகப் போகச் செங்குத்தாகிவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பொன் இருக்காது. மடிப்பு விழுந்த இடங்களில் செழிப்பாகவும், அதை விட்டால் வெறும் கல்லாகவும் இருக்கும். மேற்குப் பக்கத்து லோடுகள் வேறு வகை. அவற்றில் பொன் கந்தகக் கனிமங்களோடு பின்னிக் கிடக்கும், பிரித்தெடுப்பதும் சிரமம்.

இந்தத் தங்கத்தோடு வெள்ளியும் சிறிதளவு கலந்தே வரும். மொகஞ்சதாரோவில் கிடைத்த பொன் அணிகளில் இருந்த வெள்ளியின் அளவைப் பார்த்து, அந்தப் பொன் கோலார்ப் பக்கத்திலிருந்து போயிருக்கலாம் என்று சென்ற நூற்றாண்டில் சிலர் எழுதினார்கள். வெள்ளி கலந்த பொன் உலகத்தில் பல இடங்களில் கிடைக்கும். வெள்ளியை மட்டும் சாட்சியாக வைத்துச் சிந்து வெளிவரை சாலை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் தங்கவயலில் வெள்ளைக்காரன் வருமுன்பே ஆழமாகத் தோண்டியவர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. கல்லின்மேல் தீ மூட்டிச் சூடேற்றி, வெடிக்க வைத்து உடைப்பது அவர்கள் முறை. அவர்கள் விட்டுச் சென்ற பழைய குழிகளே பின்னால் வந்த கம்பெனிகளுக்கு வழிகாட்டின.

வாரனும் லாவெலும்

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, மைசூர் எல்லையை அளக்க வந்த ஆங்கிலப் படை அதிகாரிகளில் ஒருவர் ஜான் வாரன். 1802-ல் இந்தப் பகுதியில் அளந்துகொண்டிருந்தபோது, மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. காட்டுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகத்துக் குடியானவர்கள் வண்டி நிறைய மண் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே அலசிப் பொன்தூளைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்து மக்கள் குழிக்குள் இறங்கிக் கல் எடுத்ததையும், கூடைகள் கை மாறி மாறி மேலே வந்ததையும், பெண்கள் அந்தக் கல்லை இடித்துத் தூளாக்கியதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த வாரனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்பாடு இவர் சென்னை வானாய்வகப் பொறுப்பில் இருந்தார். தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணக்கு முறைகளை ஆராய்ந்து ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை 1825-ல் வெளியிட்டார். பொன்னைத் தேடியவர் நம் திதி, நட்சத்திரம் வரை தேடிவிட்டார்!

வாரனின் கட்டுரை நெடுங்காலம் தூங்கியது. அதைப் படித்துவிட்டு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டவர் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் போர்ப் பணி செய்துவிட்டுப் பெங்களூர் கன்டோன்மென்டில் ஓய்வாக இருந்தவர். 1873-ல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875-ல் இருபது ஆண்டுக் குத்தகை பெற்று, ஊரிகம் அருகே முதல் ஷாப்டைத் தோண்டினார். கைப்பணம் கரைந்தது. உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தார். இன்று பெங்களூரில் லாவெல் ரோடில் காபி குடிக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்?

1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதல் சில ஆண்டுகள் அவர்களுக்கும் கல்தான் கிடைத்தது, பொன் கிடைக்கவில்லை. முதலீடு தீரும் நிலையில், 1883-ல் பொறுப்பேற்ற கேப்டன் பிளம்மர் என்பவர் பழங்காலத்தார் தோண்டிய குழிகளின் அடியையே பிடித்துக்கொண்டு கீழே போனார். பழையவர்கள் நிறுத்திய இடத்துக்குக் கீழே சாம்பியன் லோடு கிடந்தது. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று தெற்கிலிருந்து வடக்காக ஐந்து பெரிய சுரங்கங்கள் வரிசை கட்டின.

தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் சராசரி 47 கிராம் பொன் இருந்ததாம். நம் கணக்கில் கிட்டத்தட்ட ஆறு சவரன். 1905-ல் மட்டும் சுமார் 19 டன் தங்கம் வெளிவந்தது, அதுதான் உச்சம். சுமார் 120 ஆண்டுகளில் மொத்தம் 800 டன். அதையும் சவரனாக்கிப் பார்த்தேன்: பத்துக் கோடி சவரன். கம்பெனிக் காலத்தில் அதில் பெரும்பகுதி கப்பலேறிவிட்டது.

கல்லிலிருந்து பொன்னைப் பிரிக்கும் விதத்தை மாமா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். கல்லை இரும்பு உலக்கைகளால் இடித்துத் தூளாக்கி, தண்ணீரோடு கலந்து, பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின்மேல் ஓட விடுவார்கள். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் பொன் மிஞ்சும். தகட்டில் ஒட்டாமல் தப்பித்த நுண்பொன்னைச் சயனைட் கரைசலில் கரைத்து, துத்தநாகத்தைக் கொண்டு மீட்பார்கள். மிச்சமான சாம்பல் நிற மண்ணை வெளியே கொட்டுவார்கள். அந்த மண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

மின்சாரம் முதலில் போன ஊர்

சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902 ஜூன் 30 அன்று சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடித் தங்கவயலை அடைந்தது. அன்றைய உலகிலேயே மிக நீண்ட மின்கம்பித் தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்தான். அதாவது தங்கவயலுக்கு மூன்று ஆண்டு பின்னால்! இந்தத் திட்டத்துக்குத் துணை நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். விளக்கு எரிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1901-லேயே காலமாகிவிட்டார்.

தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்றின்மேல் உள்ள ஏரி. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று நம்மவர் ஊர்களுக்குப் போகிற அதே பாலாறுதான். அந்த ஆற்றங்கரை ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், இங்கேயும் அதே ஆற்று நீரைத்தான் குடித்தார்கள்.

இறங்கியவர்கள்

இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ், தெலுங்கு ஏழை மக்கள். அவர்களிலும் பெரும் பங்கினர் ஊர்ச் சேரிகளிலிருந்து வந்தவர்கள். பஞ்சமும் பண்ணையடிமையும் ஒரு பக்கம் தள்ள, ரொக்கக் கூலி மறுபக்கம் இழுத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். மேஸ்திரிமார் ஆள் சேர்த்தார்கள். கார்ன்வால் நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரக் கேப்டன்களுக்குப் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. நம்மவருக்கு மூங்கில் தட்டி வீடுகள். அந்த வீட்டு வரிசைக்கு ‘லைன்’ என்று பெயர். இன்றும் “எந்த லைன்?” என்றுதான் தங்கவயலில் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள்.

கீழே என்ன இருந்தது என்பதை மாமா சொல்லக் கேட்டால்தான் விளங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போயிற்று. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஒரே இறக்கத்தில் அடிமட்டத்துக்குப் போக முடியாது. ஒரு ஷாப்டில் கேஜ் ஏறி இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து, இன்னொரு ஷாப்டில் இறங்க வேண்டும். அடியில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல். கை வைத்தால் சுடும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பியே ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள்.

வெப்பத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவ்வளவு ஆழத்தில் மேலே உள்ள மலையின் பாரம் முழுவதும் பாறையின்மேல் அழுந்திக் கிடக்கிறது. அதில் ஓர் அறை அளவு வெற்றிடம் உண்டாக்கினால், சுற்றியுள்ள பாறை திடீரென்று தெறித்து உள்ளே பாயும். படித்தவர்கள் அதை ‘ராக் பர்ஸ்ட்’ என்பார்கள், தொழிலாளிகள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். 1898-லேயே ஊரிகம் சுரங்கத்தில் அது பதிவாகியிருக்கிறது. பெரிதாக நிகழ்ந்தால் மேலே வீட்டில் பாத்திரங்கள் குலுங்கும். மரத்தூண்கள் தாங்காது என்று கண்டு, கல் எடுத்த வெற்றிடங்களைக் கிரானைட் கற்களால் சுவர் கட்டி நிரப்பினார்கள். பூமிக்கடியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கொத்தனார் வேலை! பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988-ல் தங்கவயலில் தொடங்கப்பட்டது. காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

“கல்லு கொஞ்சம் முனகும்பா,” என்பார் மாமா. “பழகினவன் காதுக்குத்தான் கேக்கும். முனகுச்சின்னா வேலைய அப்டியே போட்டுட்டு நவுந்துடணும். புதுசா வந்த பையன் ‘என்னண்ணே’ன்னு நின்னு கேப்பான். கையப் புடிச்சி இழுத்துக்கினு ஓடிவந்துட்டு அப்புறமா சொல்லுவோம்.”

மேல்வீட்டில் பாத்திரம் குலுங்கினால் என் பாட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாப்ட் பக்கம் நடந்துவிடுவாராம். லைனில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். கேஜ் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் முகங்களை எண்ணிக்கொண்டு நிற்பார்கள். தாத்தா வந்ததும் பாட்டி ஒரு வார்த்தை பேசமாட்டார், திரும்பி நடந்து வந்து அடுப்பை மறுபடி மூட்டுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

உடனே கொல்லாத எதிரி தூசு. வெண்கல்லைத் துளைக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து கிடையாது. 1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி மருத்துவ மாணவர்கள் படிக்கும் முதல் கணக்கே இதுதான்.

இவர்கள் வாய் மூடிக் கிடந்தவர்கள் அல்லர். 1930-ல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்கா என்று சுரங்கத்தையே நிறுத்தினார்கள். அப்போது முறையான சங்கம் என்று ஒன்றும் கிடையாது, லைன் லைனாகப் பேசி முடிவெடுத்தார்கள். 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

எழுத்துக்கும் தங்கவயல் பெரிய இடம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கு இங்கே ஊக்கமான வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்தின் கிளை நடந்தது. 1914-ல் அவர் மறைந்த பிறகு, ஜி. அப்பாதுரையார் 1926-ல் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ இதழை மறுபடியும் கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா அச்சகம் அச்சிட்டுக் காப்பாற்றியது. பகலில் கல் உடைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டார்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் வளர்த்தோம் என்று மேடைகளில் நாம் பேசும்போது மாரிக்குப்பத்தைச் சேர்த்துப் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆழத்தில் பிடித்த துகள்

தங்கவயலுக்கு உலக அறிவியல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வானிலிருந்து அண்டக்கதிர்கள் ஓயாமல் பொழிகின்றன. ஆழம் போகப் போகப் பாறை அவற்றைத் தடுத்துவிடும். கோலார்ப் பாறை சாதாரணக் கிரானைட்டைவிடக் கனமானது, ஆகவே தடுப்பும் அதிகம். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கருவிகளை ஒவ்வொரு ஆழமாக இறக்கி எண்ணிக்கொண்டே போனார்கள். சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை.

வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். அவர்களோ, இவ்வளவு அமைதியான இடமென்றால் எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோவின் தடத்தை இங்கேதான் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தார்கள். 1965-ல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் கிடைத்தது. ஏறக்குறைய அதே வேளையில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்கக் குழுவும் கண்டது. அந்தக் கருவிகளைக் கேஜில் ஏற்றி இறக்கி, பாதையில் தள்ளிக்கொண்டு போனவர்கள் நம் சுரங்கத்து ஆட்கள்தான்.

மூடிய பிறகு

1956-ல் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது, 1962-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆயிற்று. ஆனால் பூமி அதற்குள் கையை மூடிக்கொண்டது. ஒரு டன் கல்லில் 47 கிராம் இருந்தது போய்ச் சுமார் மூன்று கிராம் ஆயிற்று. அரைச் சவரன்கூட இல்லை. அதை எடுக்க மூன்று கிலோமீட்டர் இறங்க வேண்டும், குளிர்காற்று அனுப்ப வேண்டும், இரவும் பகலும் தண்ணீர் இறைக்க வேண்டும். எடுத்த தங்கத்தின் விலையைவிட எடுக்கிற செலவு பல மடங்கு. 2001 பிப்ரவரி 28 அன்று வேலை நின்றது. இறைப்பது நின்றதும் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, ஆழத்துச் சுரங்கங்களையெல்லாம் நிரப்பிவிட்டது. நியூட்ரினோ பிடித்த இடமும் மூழ்கிப் போயிற்று.

மாமாவுக்கு அப்போது 49 வயது. அதற்குப் பிறகு பத்து ஆண்டு பெங்களூரில் காவலாளி வேலை பார்த்தார். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, இரவு வீடு திரும்புவார். தங்கவயலில் உள்ள பெமல் தொழிற்சாலை சிலருக்குக் கை கொடுத்தது. மற்றவர்களுக்கு ரயில்தான். இன்றும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் போகவர ஆறு மணி நேரம் வரை செலவழித்துப் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். என் மாமா பேத்தி வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். “பெங்களூரிலேயே அறை எடுத்துத் தங்கேன்” என்றால், “தாத்தா தனியா இருப்பாரு மாமா, அவரு லைன விட்டு வரமாட்டாரு” என்கிறாள். மாமா வராமல் இருப்பதற்குக் கேட்டால் காரணம் சொல்லமாட்டார். சீட்டாட ஆள் கிடைக்காது என்பார்.

இப்போது அந்த மண்ணுக்கு வருகிறேன். நூறு ஆண்டுக்கும் மேலாகக் கொட்டிய சுரங்கக் கழிவு 13 மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. மொத்தம் சுமார் 3.3 கோடி டன். சயனைட் மேடு என்றுதான் பெயர். சினிமாக்காரர்களுக்குப் பாலைவனம் வேண்டுமென்றால் அங்கே வந்து படம் பிடிப்பார்கள். புல் சரியாக முளைக்காத அந்த மேடுகளிலிருந்து ஆடி மாதக் காற்றில் எழும் தூள், வீட்டுக்குள் சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். அந்த மண்ணிலும் இன்னும் சிறிது பொன் இருக்கிறது. தங்கம் விற்கிற விலையில் அதை மறுபடி அரைத்து எடுத்தால் லாபம் வரும் என்று கணக்கிட்டு, மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. வேலை வருமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தூசு போகுமா, இன்னும் கிளம்புமா என்று பெண்கள் கேட்கிறார்கள். நான் கேட்டபோது மாமா வேறொன்று சொன்னார்: “அந்த மேட்டுல இருக்கிறது அத்தனையும் கீழருந்து எங்க அப்பா, நானு, எங்க கூட்டாளிங்க அனுப்பின கல்லுதாம்பா. ஒவ்வொரு கேஜா.”

மாமாவிடம் ஒரு பித்தளை டோக்கன் இருக்கிறது. தாத்தாவுடையது. அதில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. தாத்தா எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார், எந்த லெவலில் இருந்தார் என்பது எந்தக் காகிதத்திலும் எங்கள் கையில் இல்லை. மாமா நினைவில் உள்ளதைச் சென்ற பொங்கலுக்குப் போனபோது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், பதினோரு பக்கம் வந்தது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவரோடு இறங்கியவர்களில் லைனில் மிஞ்சியிருப்பவர்கள் ஆறு பேர்.

நம் சங்க உறுப்பினர்களில் தங்கவயல் வம்சத்தார் பலர் இருப்பார்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியில் டோக்கனோ, சம்பளச் சீட்டோ, பழைய படமோ இருந்தால் இதழ் ஆசிரியர் குழுவுக்குத் தெரிவியுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரியவரின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மைன், எந்த லைன் என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும். எங்கள் தாத்தாவின் கார்டை நான் முதலில் போட்டுவிட்டேன்.